ஐந்து வரியில் இராஜகுமாரி

1

2025 மார்ச் 8, சனிக்கிழமை. கண்டியில் ஒரு வாடகை மண்டபத்தில் பதினொரு பெண் கைத்தறி நெசவாளர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கப்பட்டது. ஒவ்வொரு பத்திரத்திலும் நெசவாளரின் படமும், அதன் கீழ் ஐந்து வரியில் அவருடைய கதையும் இருந்தன.

பத்திரங்களை வழங்கிய திட்டத்தின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான்தான் அந்த வரிகளை எழுதினேன். அவற்றில் ஒன்றைத் திருத்துவதற்காகவே இந்தக் கதையை எழுதுகிறேன். திருத்தம் எடுபடாது என்பதும் தெரியும்.

2

முதலில் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"குண்டசாலைக்குப் போகும் முதல் பஸ்ஸில் இராஜகுமாரி" (வேண்டாம். உழைக்கும் பெண்களைப் பற்றி எழுதும் எல்லோரும் அவர்களை விடியற்காலையில்தான் எழுப்புகிறோம்.)

"தறியின் ஓசை ஒரு" (அது எதைப் போலவும் இல்லை. பதினொரு தறி ஓடும் அறையில் பேசினால் கேட்காது, அவ்வளவுதான்.)

ஆகவே நேரே சொல்கிறேன். இராஜகுமாரிக்கு நாற்பத்துமூன்று வயது. முப்பத்தெட்டு வயதில், ஆறு மாதப் பயிற்சியில் நெசவு கற்றார். கணவர் காளிமுத்து பிலிமத்தலாவையில் கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். குண்டசாலைக்கு அடுத்த நெசவு நிலையத்தில் ஏழாம் தறி இராஜகுமாரிக்கு. நெய்த மீட்டருக்குத்தான் கூலி. நூல் வராத மாதத்தில் கூலி இல்லை. அந்த மாதங்களில் அரசின் நிவாரணக் கொடுப்பனவில்தான் அடுப்பு எரிந்தது.

இவ்வளவும் அவரே என்னிடம் சொன்னது. நான் எழுதிய ஐந்தாவது வரி: "இன்று சொந்தத் தறியும் நிலையான வருமானமும் கொண்ட இராஜகுமாரி, தன் குடும்பத்தைத் தானே தாங்குகிறார்."

(தவறிக் கேட்டு எழுதியதல்ல. "நிலையத்தின் தறியில் கூலிக்கு நெய்கிறார்" என்றுதான் முதலில் எழுதினேன். அது பாராட்டுப் போல இல்லை என்று அடித்துவிட்டேன்.)

திகனயிலிருந்து வந்து எட்டாம் தறியில் நெய்யும் றலியா அதை வாசித்துவிட்டு, "இராஜகுமாரி, ஒங்கட தறிய ஊட்டுக்குக் கொண்டு போங்களேன். எனக்குக் கால் நீட்ட எடமாவது ஈக்கும்" என்றாராம். இருவரும் சிரித்திருக்கிறார்கள்.

3

காளிமுத்து பத்திரத்துக்குக் கண்ணாடி போடச் சொன்னார். வாசலுக்கு நேரே உள்ள சுவரில், கதிரையில் இருந்தபடியே இடம் காட்டி, ஆணி அடிப்பித்தார். பட்டம் வாங்கிய பிள்ளையின் படத்துக்கென்று எங்கள் வீடுகளில் விட்டுவைக்கும் சுவர் அது.

மே மாதம், கொடுப்பனவை மீளாய்வு செய்ய ஓர் உத்தியோகத்தர் வந்தார். இராஜகுமாரி நல்ல கதிரையைத் துடைத்துப் போட்டார். பக்கத்து வீட்டில் பால்மா இரவல் வாங்கி, பால் தேத்தண்ணி ஊற்றி, பூப்போட்ட கோப்பையில் கொடுத்தார். வாசல் மிதித்தவரை வெறுந்தேத்தண்ணியோடு அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. இல்லாத வீடு என்று காட்டியிருக்க வேண்டிய ஒரே நாளில், இருக்கிற வீடாகக் காட்டிவிட்டார்.

உத்தியோகத்தர் குடித்தபடியே சுவரை வாசித்தார். பிறகு எழுந்து, போனில் படம் எடுக்கப் போனார். கண்ணாடியில் வெளிச்சம் அடித்தது. படம் சரியாக விழட்டும் என்று இராஜகுமாரிதான் ஜன்னல் சீலையை இழுத்துவிட்டார்.

ஜூனில் கொடுப்பனவு நின்றது.

4

பத்திரத்தைத் துவாயில் சுற்றிக்கொண்டு கண்டியிலுள்ள என் அலுவலகத்துக்கு வந்தார்.

"சேர், இது பொய்யின்னு ஒரு கடுதாசி தாங்க. அதுக்கும் அஞ்சு வரி போதும்."

பதினொரு பத்திரங்களையும் பார்த்துத்தான் கொழும்புக் கடையொன்று நிலையத்துக்கு ஓடர் கொடுத்திருந்தது. ஒன்று பொய் என்றால் மற்றப் பத்தும் என்னாகும் என்று திட்டப் பொறுப்பாளர் சஞ்சீவ் என்னைக் கேட்டிருந்தார். அதை இராஜகுமாரியிடம் சொன்னேன்.

"மத்த பத்துப் பேருக்கும் சொந்தத் தறி இருக்கா சேர்?"

இல்லை என்றேன்.

"அப்ப றலியாவுக்கும் வேல போயிருமா?"

போகலாம் என்றேன். துவாயின் ஓரத்தை மடித்தார்.

"சரி, யாரு வயித்துலயும் அடிக்காம எழுதுங்க. நீங்க எழுதுறவருதானே."

எழுதினேன்: "குறித்த வாசகங்களில் சிறிது மிகைப்படுத்தல் இருக்கலாம்." பொய் என்ற சொல்லை நான் எழுதவில்லை. இராஜகுமாரி அதை வாங்கி, வாசிக்காமலே மடித்து, மேன்முறையீட்டோடு சேர்க்கப் பையில் வைத்துக்கொண்டார்.

5

முடிவுகள்:

அ. மேன்முறையீட்டை விசாரித்த அதிகாரி நேரில் வந்து தறியைப் பார்த்து (யாரும் வரவில்லை.)

ஆ. இராஜகுமாரி பத்திரத்தை என் மேசையில் வீசி (அவர் எதையும் வீசுகிறவர் அல்ல. காளிமுத்து தேடுவார் என்று திரும்பத் துவாயில் சுற்றி எடுத்துப்போனார்.)

இ. இது உங்களுக்கு விட்ட இடம். எழுதுமுன் ஒன்றை யோசியுங்கள். நன்றாக இருக்கிறார் என்று முடித்தால், அதையும் யாராவது படம் எடுப்பார்கள். நொடிந்துபோனார் என்று முடித்தால், அடுத்த கண்காட்சிக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். நான் இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன்.

6

ஓகஸ்ட் 14 அன்று மேன்முறையீடு நிராகரிக்கப்பட்டது. மிகைப்படுத்தல் இருக்கலாம் என்பது வருமானம் இல்லை என்பதற்கு ஆதாரமாகாது என்று பதில் வந்தது. செப்டெம்பர் கண்காட்சியில் அதே ஐந்து வரிகள் மூன்று மொழிகளில் அச்சிடப்பட்டன.

இதைக் கதையாக எழுதுகிறேன், பெயரை மாற்றிவிடுவேன் என்று இராஜகுமாரியிடம் சொன்னேன். முதலில் எழுதி அடித்துவிட்ட வரியையும் சொன்னேன். கதையைக் கொடுப்பனவுக் கந்தோரில் ஆதாரமாக எடுப்பார்களா என்று கேட்டார். எடுக்க மாட்டார்கள் என்றேன்.

"பரவால்ல. இதுலயாவது அந்த வரிய எழுதுங்க சேர்."

இராஜகுமாரி நிலையத்தின் தறியில் கூலிக்கு நெய்கிறார்.