கடைசிப் பத்தி

சங்கத்தின் ஆண்டு விழாவுக்குக் கட்டுரை வேண்டும் என்று கேட்க லோஜன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். அவன் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத்தின் கொட்டகலை அமைப்பாளர். ஐவி டீச்சர் அப்போதுதான் தொண்டை வறளப் பாடம் நடத்திவிட்டு வந்து, ஆசிரியர் அறையில் செருப்பைக் கழற்றிக் கால்களை நீட்டியிருந்தாள்.

"வெள்ளைக்காரன் போட்ட வரிகளப் பத்தி எழுதுங்க டீச்சர். சரித்திரம் நீங்கதானே படிப்பிக்கிறீங்க. மேடையிலயும் நீங்களே வாசிச்சிருங்க."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் சங்கத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். சம்பளம், காணி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரை என்று எத்தனையோ துண்டுப் பிரசுரங்கள். அவற்றால் நடந்தது என்று அவளுக்கு நினைவிருப்பது, ஒரே ஒரு லயத்துக்குக் கூரைத் தகரம் மாற்றிக் கொடுத்தது மட்டும்தான்.

"பாக்கிறேன்" என்றாள். முடியாது என்று சொல்வதற்கு இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கும்.

ஆனால் எழுத உட்கார்ந்தபோது விஷயம் அவளைப் பிடித்துக்கொண்டது. 1848இல் கண்டிச் சீமையில் கடைக்கு வரி, துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி. றோட்டில் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அதற்கும் காசு. கொழும்புப் பத்திரிகை ஒன்றில், ஆங்கிலேயன் என்று கையெழுத்திட்டு ஒருவர் அந்த வரிகளைக் கண்டித்து எழுதினார். அந்த எழுத்து சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு ஊர் ஊராகப் போனது. தமிழில் யாரும் பெயர்த்ததாக ஐவிக்குத் தெரியவில்லை. மாத்தளைக் காட்டுவழியே அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு நடந்து வந்துகொண்டிருந்த தன் ஆட்களுக்கு அதை யாரும் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதையும் எழுதினாள். பிறகு, நிறுத்த முடியாமல், கடைசியாக ஒரு பத்தி:

'வெள்ளைக்காரன் நம்மைக் கேட்டு வரி போடவில்லை. அவன் போய்விட்டான். இன்று சவர்க்காரத்துக்கும் பிள்ளையின் சப்பாத்துக்கும் போன் ரீலோடுக்கும் வரி கட்டுகிறோம். இன்றும் நம்மை யாரும் கேட்கவில்லை. நமக்காகக் கேட்கப் போனவர்கள், வரி போடுகிறவர்களின் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.'

லோஜன் கட்டுரையை நின்றபடியே வாசித்தான். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்தான்.

"டீச்சர், இந்தப் பத்தி வேணாமே."

"ஏன், பொய்யா?"

"பொய்னு யாரு சொன்னா? தலைவர் இப்ப அரசாங்கத்தோட இருக்காங்க. விழாவுக்கு மந்திரியும் வாறாரு. வெள்ளைக்காரன எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. அவன் திரும்பி வந்து கேக்கப்போறதில்ல."

முன்பென்றால் ஐவி கட்டுரையையே வாங்கிப் பையில் வைத்திருப்பாள். அன்றைக்குக் கால் வலித்தது. திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் மேசையில் குவிந்து கிடந்தன.

"நீங்களே வெட்டிக்கங்க" என்றாள். "எனக்குக் கை வரல."

விழா கொட்டகலைக் கடைவீதியை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. அவள் வாசித்தாள். நாய் வரி என்றதும் சிரித்தார்கள். வெள்ளைக்காரனைத் திட்டிய இடத்தில் மேடையில் இருந்தவர்கள்தான் முதலில் கைதட்டினார்கள். மந்திரி திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். இறங்கி வந்தபோது, வேறு யாரோ எழுதியதைச் சத்தமாக வாசித்துவிட்டு வந்தது போலிருந்தது அவளுக்கு.

திரும்பும் பஸ்ஸில் ராக்காயி பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஐவியின் வீட்டுக்குக் கீழ் லயத்தில் இருப்பவள், தேயிலைக் கொழுந்து எடுப்பவள். விழாவுக்கு லொறியில் ஏற்றி வந்தவர்கள், திரும்பிப் போக லொறி அனுப்பவில்லை.

"டீச்சர், நீங்க வாசிச்சது அங்கனயே முடிஞ்சிருச்சா?"

"ஏன் கேக்குறீங்க?"

"என்னமோ வெளிய கௌம்புன ஆளு வாசல்லயே நின்னுட்ட மாதிரி இருந்துச்சு. அதான்."

ஐவி வெட்டிய அந்தப் பத்தியைச் சொன்னாள். மனப்பாடமாகவே இருந்தது. முன் சீட்டுப் பெண்கள் இருவர் திரும்பிக் கேட்டார்கள். அவர்களுக்கு அப்பால் ஒருவர், "இதெல்லாம் பேசி என்னா ஆவப்போவுது" என்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கும்போது ராக்காயி சொன்னாள்: "நாளைக்குப் பெரட்டுக்களத்துக்கு வந்து இத வாசிங்க. நான் போய்ச் சொன்னா கொளறிருவேன்."

"எனக்கு ஏலாதுங்க ராக்காயி. களைச்சுப் போயிட்டேன்."

"எங்களுக்கு மட்டும் களைப்பு இல்லையா டீச்சர்?"

அது குத்திக்காட்டுவதாக இல்லை. சும்மா கேட்டாள். அதனால்தான் ஐவியால் அதைத் தட்ட முடியவில்லை.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் களத்தில் பனி இன்னும் விலகவில்லை. பெண்கள் படங்குச் சாக்கை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றார்கள். மலைக்குப் பொறுப்பான கண்டாக்கு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"டீச்சருக்கு இங்க என்னா வேல?"

"ரெண்டு நிமிஷம் ஐயா. ஒன்னு வாசிச்சிட்டுப் போயிர்றேன்."

அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மறுபக்கம் திரும்பிப் போனைப் பார்க்கத் தொடங்கினார். ஐவி வாசித்தாள். மைக் இல்லை, குரலும் கரகரத்தது. முடித்தபோது யாரும் கைதட்டவில்லை.

"அந்த மேசைக்கு அனுப்பி வச்சது நாங்கதானே டீச்சர்" என்றாள் நாகலெட்சுமி, கூடையைத் தலையில் மாட்டியபடி. "ஓட்டுக்குப் புள்ளடி போட்ட கை இதுதான்."

கண்டாக்கு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். பெண்கள் மலைக்கு ஏறினார்கள். ஐவி பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். கால் வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் நேற்றிலிருந்து வாயில் இருந்த கசப்பு போயிருந்தது.

அந்த வாரமே லோஜன் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

"பெரட்டுல வாசிச்சீங்களாமே. மேல எல்லாருக்கும் தெரிஞ்சிருச்சு."

"தெரியட்டும்."

"இனி உங்கள எழுதச் சொல்ல வேணாம்னுட்டாங்க. அச்சுக்குப் போற விழா மலர்லயும் உங்க கட்டுரை இல்ல. அந்தப் பக்கத்துல தலைவர் படத்தப் போட்டுட்டாங்க."

"முழுப் பக்கமுமா?"

"முழுப் பக்கமும். கலர்ல."

ஐவிக்குச் சிரிப்பு வந்தது. லோஜன் சிரிக்கவில்லை. அவன் கண்ணுக்குக் கீழே கருத்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"என்னையும் ஏசினாங்க டீச்சர். முன்னுக்கே ஏன் கவனிக்கலன்னு. நான் கவனிச்சு வெட்டுனதும் எனக்கே பிடிக்கல. எல்லாத்தையும் விட்டுட்டு மச்சானோட கொழும்புக் கடைக்குப் போயிரலாம்னு இருக்கேன்."

போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எதைச் சொல்லி நிறுத்துவது? அவன் தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் வாசல்வரை கூடப் போனாள்.

அடுத்த மாதம் அவன் போய்விட்டான். புதிதாக வந்த அமைப்பாளர் ஐவியைத் தேடி வரவில்லை. தோட்டத்துப் பெண்கள் கூப்பிட்டபோது எழுதியதை வாசிக்க இன்னும் சில தடவை அவள் பெரட்டுக்களத்துக்குப் போனாள். கால் இடம் கொடுக்காத நாட்களில் போகவில்லை.