முகட்டில் அடித்த கிளை

எங்கள் வீட்டின் மரச்சட்டம் எழுந்து நிற்கவே அக்டோபர் பாதி போய்விட்டது. கூரைத் தகடு போடுவதாகச் சொன்னவர் வரவில்லை. கேட்டால், வசந்தத்தில் பார்க்கலாம் என்றார். அமெரிக்காவின் வடக்கே, பனி கொட்டும் எங்கள் வெர்மான்ட்டில் வசந்தம் என்றால் மே மாதம்.

குளிர் தாங்கச் சுவருக்குள் அடைக்க முந்நூறு கட்டு கோதுமை வைக்கோல் வந்து இறங்கிவிட்டது. அதைச் சட்டத்துக்குள்ளேயே பலகைமேல் அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே பெரிய தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். பச்சை மரம் காற்றாட வேண்டுமென்று இரண்டு பக்கமும் திறந்தே விட்டோம். மரம் நனைந்தால் காய்ந்துவிடும். வைக்கோல் நனைந்தால் உரக்குழிக்குத்தான். அப்புறம் இன்னொரு வருடம் இந்த டிரெய்லர் என்ற சக்கர வீட்டுக்குள் கிடக்க வேண்டும். ஏற்கெனவே இரண்டு வருடம் ஆயிற்று. உட்கார்ந்தால் முழங்கால் அடுப்பில் இடிக்கும்.

பாய் கட்டும்போதே சண்டை. சட்டம் எழுந்த அன்று, மரத்துக்கு நன்றியாக முகட்டில் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் கிளை ஒன்றை ஆணியடித்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான்தான் ஏறி அடித்தேன். பாயைக் கிழித்துவிடும், எடுத்துவிடலாம் என்றான் என் கணவன் ஆர்லோ.

"அதத் தொட்டே, உன்னைத் தொலைச்சிடுவேன். சாக்கச் சுத்திக் கட்டு, போதும்."

கட்டினான்.

குளிர்காலம் முழுக்க அவனைத்தான் கரித்துக் கொட்டினேன். காற்றில் பாய் படபடத்தால், முடிச்சுப் போடத் தெரியவில்லை என்பேன். பனி குவிந்து பாய் தொய்ந்தால், சரிவு போதாதென்று அப்போதே சொன்னேனே என்பேன். காலையில் காப்பிகூடக் குடிக்காமல், நீளக் கம்பு கட்டிய துடைப்பத்தோடு பனியைத் தள்ளப் போவான். பதிலுக்கு ஒரு வார்த்தை பேச மாட்டான். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

மார்ச் கடைசியில் நடுவரிசையிலிருந்து ஒரு வைக்கோல் கட்டை இழுத்தேன். கயிறு மட்டும் கையோடு வந்தது. உள்ளே கறுத்து, புளித்த வாடை. அடுத்ததும் அப்படியே. முகட்டுக்கு நேர்கீழே பாதிக்கு மேல் போயிருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உன் முடிச்சு லட்சணம் இதான்," என்று கத்தினேன்.

ஆர்லோ மேலே கை காட்டினான். பாயில் உள்ளங்கை அளவு ஓட்டை. சாக்கைக் கிழித்துக்கொண்டு என் கிளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டையில் இறங்கிய தண்ணீர் முகட்டுக் கட்டை நெடுக ஓடிச் சொட்டியிருக்கிறது.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"ஜனவரியில."

"ஏன்டா வெட்டல?"

"தொடாதேன்னது நீதான், ரொவீனா. என்னைத் திட்டின நேரத்துல ஒரு தடவையாவது நீயே ஏறிப் பாப்பேன்னு நானும் காத்துட்டிருந்தேன்."

அவனை அறையலாம் போலிருந்தது. என்னையும்தான். வைக்கோல் கொடுத்த லூசியனுக்கு போன் போட்டேன். அறுவடை முடிந்து ஆகஸ்டில்தான் இனிமேல் என்றார்.

ஏணியை வைத்து நானே ஏறினேன். கிளையைப் பிடித்து இழுத்தேன், அசைத்தேன், தொங்கிக்கூடப் பார்த்தேன். வரவில்லை. ஆறங்குல ஆணி. அதை மட்டும் நன்றாகவே அடித்திருந்தேன்.