பன்னிரண்டு சிவப்பு வாளிகளும் ஒரு வறுசட்டியும்

இதில் ஒரு சொல் கூட நான் கட்டியது இல்லை. குமாரகோவில் முருகன் மேல் சத்தியம். அது போதாது என்பவர்களுக்கு இன்னொன்று: என் வீட்டு நடுச்சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், முத்திரை குத்திய லைசென்ஸ் ஒன்று தொங்குகிறது. அதன் மேலும் சத்தியம். சந்தேகப்படுகிறவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்க்கலாம்.

1952இல் திங்கள்சந்தையில் தாணுலிங்கம் முதலாளி மண்ணெண்ணெய்க் கிட்டங்கி கட்டினார். நானூறு டின் அடுக்கலாம். காவல்காரன் நான். ஆவணி முடிவதற்குள் லைசென்ஸ் காட்டினால் ஏஜென்சி உமக்கு, இல்லையென்றால் குலசேகரம் ரசலையனுக்கு என்று எண்ணெய்க் கம்பெனி சொல்லிவிட்டது. ரசலையனும் முதலாளியும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பரீட்சையில் முதலாளியின் சிலேட்டைப் பார்த்து எழுதிவிட்டு, முதலாளியை விட இரண்டு மார்க் கூடுதலாக வாங்கியவன் ரசலையன். அவனிடம் ஏஜென்சி போனால் நான் கடலில் இறங்கிவிடுவேன் என்று முதலாளி தினமும் சொல்வார். கடல் ஆறு மைல் தள்ளி இருந்ததால் யாரும் தடுக்கவில்லை.

லைசென்ஸுக்காகக் கிட்டங்கியைச் சோதிக்கத் திருவனந்தபுரத்திலிருந்து சத்தியநேசன் இன்ஸ்பெக்டர் வந்தார். சிரிப்பதற்கும் அரசாங்க அனுமதி வேண்டும் என்பது போன்ற முகம். கிட்டங்கித் தரை வாசற்படியை விட ஒரு முழம் பள்ளமாக இருக்க வேண்டும், டின் உடைந்தாலும் எண்ணெய் தெருவுக்கு ஓடாமல் உள்ளேயே தேங்கும் என்றார். சன்னலுக்குப் பொடிக்கண் வலை. உள்ளே விளக்கு ஆகாது. வாசலில் பன்னிரண்டு சிவப்பு வாளி, நிறைய மணல்.

"மணல் நல்லா காஞ்சிருக்கணும், கேட்டேரா? ஈர மணல் உருண்டை உருண்டையா போய் விழும். காஞ்ச மணல்தான் பரந்து தீயை மூடும்" என்றார். பிறகு கையை நீட்டினார். "அது என்ன புகை?"

அது சொர்ணம்மாள். பிற்பாடு என் மனைவியானவள். எங்கள் பக்கத்தில் கப்பலண்டி என்று சொல்லும் நிலக்கடலையைக் கிட்டங்கிக்கு இருபதடி தள்ளி வறுத்து விற்றுக்கொண்டிருந்தாள். முப்பதடிக்குள் அடுப்பு கூடாது என்பது சட்டம்.

"ஏட்டி, அடுப்பை அங்ஙன தள்ளி வையி" என்றார் முதலாளி.

"நான் இஞ்ச வந்து பத்து வருசம் ஆச்சு, மொதலாளி. ஒமக்க கிட்டங்கிக்கு வயசு மூணு மாசம். சின்னவன்தான் நகரணும். கிட்டங்கியைத் தள்ளி வையும்."

இன்ஸ்பெக்டர் அதையும் குறித்துக்கொண்டு, அடுத்த திங்கள்கிழமை வருவதாகச் சொல்லிப் போனார்.

மணலுக்கு நான் வண்டி கட்டிக் கடியப்பட்டணத்துப் பக்கம் போனேன். அங்கே கரையில் கறுப்பு மணல் கிடக்கும். வெள்ளை மணலை விட இரண்டு மடங்கு கனம். தீ சிவப்பு, மணல் கறுப்பு, பார்த்த உடனே பயப்படும் என்று முதலாளிக்குச் சந்தோஷம். ஒரு வாளியைத் தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. கொக்கியில் மாட்டிய முதல் வாளி கொக்கியையும் சுவரில் பாதியையும் இறக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. அதனால் பன்னிரண்டையும் தரையிலேயே வரிசையாக வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை சொர்ணம்மாள் வந்து மணலில் கைவிட்டுப் பார்த்தாள்.

"இது சூட்டை விடாத மணலாக்கும். ஒரு சட்டிக்குத் தாரியா மக்கா?"

"அது தீயை அணைக்கதுக்கு உள்ள மணல் பிள்ளே."

"எனக்க அடுப்புலயும் தீதானே கெடக்கு?"

ஒரு சட்டி கொடுத்தேன். கை நிறைய கப்பலண்டி தந்தாள். அவள் கப்பலண்டியின் ருசி நெய்யூர் வரை பரவியது. அங்கே ஆஸ்பத்திரியில் பத்தியம் இருந்தவர்கள் வாசனைக்கே எழுந்து நடந்து வந்தார்கள். மற்ற வறுகடைக்காரிகளும் சட்டியோடு வந்தார்கள். இல்லை என்று சொல்ல வாய் வேண்டும். என் வாயில் எந்நேரமும் கப்பலண்டி இருந்தது. சனிக்கிழமைக்குள் வாளிகள் காலி. நான் சும்மா இருக்கவில்லை. எல்லா வாளியிலும் காய்ந்த தேங்காய் நாரைத் திணித்து, மேலே நாலு விரல் கனத்துக்கு வீட்டு முற்றத்து மணலைத் தூவினேன். பார்க்க அவ்வளவு அழகு. முதலாளி ஒரு வாளியை ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்து, "காய்ஞ்சதும் கனம் கொறைஞ்சு போச்சு பாத்தியா!" என்றார்.

திங்கள்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். பள்ளத் தரையை அளந்தார். வலையை விரலால் தட்டினார். பிறகு யாரும் எதிர்பாராதபடி, முற்றத்தின் நடுவில் ஒரு பழைய சாக்கைப் போட்டு, மண்ணெண்ணெய் தெளித்து, தீக்குச்சி உரசிப் போட்டார்.

"ம், அணையும்" என்றார்.

நான் வாளியைத் தூக்கி வீசினேன். மணல் ஒரு பிடி விழுந்தது. பின்னாலேயே நார் விழுந்தது. இத்தனை நாள் பட்டினி கிடந்தது போலத் தீ அதைத் தின்றது. இரண்டாவது வாளியை முதலாளியே வீசினார். தீ பனை உயரம் எழுந்தது. இரணியலில் நின்றவர்கள் அதைப் பார்த்து விடிந்துவிட்டது என்று இரண்டாம் தடவை பல் தேய்த்தார்கள். நார் தெறித்துக் கிட்டங்கி வாசலுக்கே தீ வந்து, படியேறி உள்ளே எட்டிப் பார்த்தது. ஒரு முழம் பள்ளம். இறங்குவதா வேண்டாமா என்று சற்று யோசித்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

"எனக்க ஏஜென்சி போச்சே! ரசலையன் சிரிப்பானே!" என்று முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது சொர்ணம்மாள் வறுசட்டியின் இரண்டு காதையும் முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்கலே!" என்று வாசற்படியில் ஒரே வீச்சு. கறுப்பு மணல் பாய் விரித்தது போலப் படர்ந்தது. வாசல் தீ அங்கேயே படுத்தது. மற்ற வறுகடைக்காரிகளும் தங்கள் சட்டிகளை முற்றத்தில் கவிழ்த்தார்கள். ஒரு பொறி கூட மிச்சமில்லை.

எல்லோரும் இன்ஸ்பெக்டரைப் பார்த்தோம். அவர் குனிந்து, மணலிலிருந்து ஒரு கப்பலண்டியைப் பொறுக்கி, ஊதி, தோடு உடைத்து வாயில் போட்டார். இன்னொன்று எடுத்தார். பன்னிரண்டு முடிந்த பிறகுதான் பேசினார்.

"வாளியில் என்ன நார் வச்சீருன்னு நான் கேக்கல. சட்டம் கேக்கது காஞ்ச மணல். திருவிதாங்கூர் முழுக்கத் தேடினாலும் வறுசட்டியில் இருக்க மணலை விடக் காஞ்சது கிட்டாது. அடுப்பைப் பத்தடி தள்ளி, சரியா முப்பதாவது அடியில் வையும்மா. சட்டி எந்நேரமும் சூடா இருக்கணும்."

"நான் நகர மாட்டேன்" என்றாள் சொர்ணம்மாள்.

முதலாளி அவள் முன்னால் கைகூப்பினார். ரசலையன் பெயரைச் சொல்லி அழுதார். அவள் மனமிரங்கி, பத்தடியையும் பத்து நாளில், நாளுக்கு ஓரடியாக நகர்ந்தாள். பதினோராம் நாள், ஆவணி முடிய ஒரு நாள் இருக்கும்போது, தபாலில் லைசென்ஸ் வந்தது. ரசலையன் ஒரு மாதம் சந்தைப் பக்கமே வரவில்லை.

என் வீட்டுச் சுவரில் தொங்குவது, திங்கள்சந்தையில் கப்பலண்டி வறுத்து விற்கச் சொர்ணம்மாள் பெயருக்குப் பஞ்சாயத்து கொடுத்த லைசென்ஸ்.