உருகிய கேட் பாஸ்

சுமலதா நோட்டைத் திறந்ததுமே சடையப்பன் கேட்டார். "அந்தப் பழவேற்காட்டு ராஜா கதைல நெசம் எவ்ளோ, நீயா வுட்டது எவ்ளோம்மா?"

புத்தகம் எழுதுகிறவள் சிரித்தாள். "பாதிக்குப் பாதி இருக்கும் ஐயா. அது நாவல். இப்ப எழுதறது கம்பெனி உலை வெடிச்சதப் பத்தி. இதுல வரிக்கு வரி சாட்சி வேணும்."

"பாக்கலாம்."

அந்த நாவலைத் தம்பி பெஞ்சாதி ஹேமாவதி சாயங்காலங்களில் படித்துக் காட்டியிருந்தாள். கப்பலில் மூட்டை தூக்குகிறவன் சாகிற இடத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒருத்தன் இருந்ததே இல்லை என்று தெரிந்தபோது கோபம் வந்தது. இல்லாதவனுக்கு நாலு பக்கம். இருந்த குணாளனுக்கு எங்கேயும் ஒரு வரி கிடையாது.

ஒன்பது வருஷத்துக்கு முன் கும்மிடிப்பூண்டியில் அந்த இரும்புக் கம்பெனி உலை வெடித்த அன்று, தம்பி குணாளன் அண்ணனுடைய கேட் பாஸில்தான் உள்ளே போயிருந்தான். காண்ட்ராக்ட் ஆட்களிடம் அது வழக்கம். ஒருவன் வராவிட்டால் வேலை போய்விடும். வீட்டிலிருந்து இன்னொருவன் போவான். கேட்டில் யாரும் முகம் பார்ப்பதில்லை. கம்பெனி ரிஜிஸ்டர்படி சடையப்பன் வந்தார், சடையப்பன் போனார். குணாளன் வரவே இல்லை. உலையில் வெந்து செத்தவனை, ரோட்டில் லாரி மோதிச் செத்தான் என்று கம்பெனிக்காரர்கள் முடித்துவிட்டார்கள்.

சடையப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உருகிச் சுருண்ட பாஸ். "இடுப்புல சொருவி வெச்சிருந்தான். லாரி இடிச்சா இப்டி உருகுமா?"

சுமலதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதைப் போட்டா, பாஸ் குடுத்த உங்க மேலயும் கேஸ் வரும்."

"வரட்டும். கோர்ட்டுல அவன் பேரச் சொல்லித்தான ஆவணும்."

"அன்னிக்கு நீங்க ஏன் போகல?"

டீயோடு வந்த ஹேமாவதி முந்திக்கொண்டாள். "மாமாக்கு காய்ச்சலு. நூத்தி மூணு. எழுதிக்கம்மா."

சடையப்பன் டம்ளரை வாங்கவில்லை. நெசம் எவ்வளவு என்று கேட்ட வாயால் பொய் சொல்ல முடியவில்லை.

"காய்ச்சல் இல்ல. சோழவரத்துல காதுகுத்து. கறி துன்னுகினு இருந்தேன்."

ஹேமாவதி டம்ளரைத் தரையில் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளேயும் போகவில்லை.

"ஒம்போது வருசம் காய்ச்சலு, கஷாயம்னு கதை சொல்லிக்கினு இருந்தியே மாமா," என்றாள். பிறகு சுமலதாவிடம், "அதயும் எழுதிக்க."

"இரு, அவன் பேர நான் எழுதறேன்." சடையப்பன் பேனாவை வாங்கிக்கொண்டார். மூன்றாவதோடு நின்ற படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகப் பேனாவை அழுத்தினார். நோட்டின் மேல் கிடந்த பாஸின் போட்டோவில் அவர் முகம் முக்கால்வாசி உருகியிருந்தது. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணுக்கு நேர் கீழே, கோணலாக, எழுத்தெழுத்தாகக் குணாளன் நோட்டில் ஏறிக்கொண்டிருந்தான்.