அறுபது மிதி

குழந்தைக்கு ஐந்து மாதம். பெயர் பூங்காவனம். அழுதே ஊரைக் கூட்டுகிறவள் இரண்டு நாளாக அழவில்லை. மூச்சு வாங்கவே அவளுக்கு நேரம் போதவில்லை.

குடியாத்தத்திலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்ததும் டாக்டர் தானியேல் அவள் மூக்கிலிருந்து சளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

“வீட்டுல யாருக்கு ஜலதோஷம்?”

“எனக்குத்தான்,” என்றாள் தாய் கண்ணம்மாள்.

“கொரோனா வைரஸ்லயே சாதா ஜலதோஷம் குடுக்குற வகை ஒண்ணு இருக்கு. அதுவா இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். பெரியவங்களுக்கு மூக்கு ஒழுகும், அவ்ளோதான். இவ்ளோ சின்னதுக்கு மூச்சுக்குழாய் அடைச்சுக்கும்.”

“மருந்து?”

“அதைக் கொல்ற மருந்து இல்லம்மா. ஆக்சிஜன் குடுப்போம், மூக்குல டியூப் வச்சுப் பால் விடுவோம். அடைப்பு தானா விடணும். மூச்சு நிமிஷத்துக்கு அறுபதுக்குக் கீழ வரட்டும், நீயே பால் குடுக்கலாம். அதுவரைக்கும் வாயில ஒரு சொட்டு கூடாது. புரையேறிடும்.”

வீட்டில் தான் லுங்கி நெய்யும் தறிக்குப் பக்கத்தில் தூளி கட்டி அதில்தான் குழந்தையைப் போட்டிருந்தாள் கண்ணம்மாள். மூன்று நாள் அதன் முகத்துக்கு நேராகவே தும்மியிருக்கிறாள். இப்போது ஒரு லுங்கித் துண்டை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த கட்டிலில் ஆம்பூர் சைரா. அவள் பையன் தேறிவிட்டான்.

“இன்னாக்கா, கொள்ளைக்காரி மாரி? எங்க வூட்டுக்காரரு தோல் ஷாப்ல நாத்தத்துக்கு இப்டித்தான் கட்டுவாரு. ஆனா இவ்ளோ ஜோரான கட்டம் இல்ல.”

வார்டில் பதினான்கு குழந்தைகள், ஒரே சிஸ்டர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பூங்காவனத்தின் மூச்சை எண்ணினார். எழுபத்தைந்து. எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடப் பார்த்தார்.

“சிஸ்டர், நான் எண்ணட்டுமா?”

“வாட்ச் இருக்கா?”

“இல்ல. கால் இருக்கு.”

கண்ணம்மாள் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தாள். தறிக்குழியில் மிதிப்பது போலத் தரையை மிதித்தாள். வலது, இடது. பன்னிரண்டு வருடமாக மிதிக்கும் கால்.

“பாருங்க, நிமிஷத்துக்கு எத்தினி வருது?”

“அறுபத்தொண்ணு,” என்றார் சிஸ்டர். நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தார். “அறுபது. எங்க மேட்ரன்கிட்ட சொல்லிடாத. என் வாட்சைப் புடுங்கிக்குவாங்க.”

அன்று அவள் நான்கு மிதி மிதிப்பதற்குள் குழந்தைக்கு ஐந்து மூச்சு ஓடியது. மறுநாள் மாலை மூச்சும் மிதியும் ஏறக்குறைய ஒன்றாக விழுந்தன. பார்க்க வந்த கணவன் செங்கல்வராயன் சொன்னான்: “காலுக்கு ஓய்வு குடு.”

“நெய்யும்போது மட்டும் சொல்ல மாட்டியே.”

மூன்றாம் நாள் காலை, கால் முந்தியது. மூச்சு பின்தங்கியது.

கண்ணம்மாள் நிறுத்தினாள். மறுபடி மிதித்தாள். மறுபடியும் கால்தான் முந்தியது. அவளுக்குப் பயம் வந்தது. ஆசையில் கால் ஓடுகிறதோ? தறியில் கால் ஓடினால் துணி காட்டிக்கொடுத்துவிடும். இங்கே துணி இல்லை.

“சைரா, சிஸ்டரைக் கூப்பிடேன். என் காலை நம்ப முடில.”

சிஸ்டர் வந்து ஒரு நிமிடம் முழுக்கக் கடிகாரத்தையும் குழந்தையின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அம்பத்திநாலு.”

டாக்டர் வந்து மார்பிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார். இன்னொரு தரம் கேட்டார்.

“குடும்மா. கொஞ்சம் கொஞ்சமா.”

பூங்காவனம் மூன்று முறை உறிஞ்சினாள். விட்டாள். மூச்சு வாங்கினாள். கண்ணம்மாள் அசையவில்லை. குழந்தை மறுபடி வாய் வைத்தாள். ஒரு கையால் லுங்கித் துண்டைப் பிடித்து இழுத்தாள். துண்டு நழுவ, கண்ணம்மாள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அக்கா, உன் தறி நின்னுபோச்சு,” என்றாள் சைரா.

“நிக்கட்டும்.”

பக்கம் மாற்ற எடுத்தபோது பூங்காவனம் அழுதாள். கரகரத்த அழுகைதான். ஆனாலும் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.