எங்க வயல்

மருதப்பன் கப்பலில் கொண்டுவந்த பாட்டிலின் மூடியைத் திறந்ததும் சீனியம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உப்புப் போட்டு மாசக்கணக்கில் ஊறவைத்த கூனி இறால். நிறம் வேறு, ஆறாத புண்ணின் நிறம். சங்கரன்கோவிலுக்கு மீன் என்று வருவதே தூத்துக்குடியில் பஸ் ஏறி, கண் கலங்கி வந்து சேரும் சாளைதான். இதற்கு அந்த நாற்றமே தேவலை. புருஷனோ அதை ஒரு விரலில் வழித்து நக்கி, கண்ணை மூடிக்கொண்டான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஆடித் தபசுத் திருவிழாவை ஒட்டி வந்திருக்கிறான். கப்பலில் சமையல் வேலை. போன தடவை கிளம்பும்போது, இதுதான் கடைசிக் கப்பல் என்று சொல்லிவிட்டுப் போனவன். வந்ததும் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் பார்த்து வைத்த கரிசல் நிலத்தை வாங்கி, பருத்தி போட்டு, ஊரோடு இருப்பதாகப் பேச்சு. சீனியம்மாள் இடுப்பொடியத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றியதெல்லாம் அந்த நிலத்தை நினைத்துத்தான். பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் ஜன்னலோரம் இடம்பிடித்து, 'நம்ம புஞ்சை' என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்.

வந்தவன் நிலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வாயைத் திறந்தால் பிலிப்பைன்ஸ்தான். கப்பல் பழுதாகி ரொம்ப நாள் நின்றுபோன ஏதோ ஒரு கடற்கரை ஊர். தெருவில் பாதிப் பேர் வாசலில் வந்து உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்டார்கள். ஆளுக்கொரு வெளிநாட்டு சிகரெட் கிடைக்கும் என்ற நப்பாசை.

"வயலு கடல்ல போயி முடியுதுலே," என்றான் மருதப்பன். "காலையில நடவு, சாயங்காலம் வலை. படகுக்கு ரெண்டு பக்கமும் மூங்கிலக் கை மாதிரி கட்டியிருப்பான். எந்த அலைக்கும் கவுறாது. தென்னைக்கு ஊடால வீடு. வீடு மரக்கால்ல நிக்கும். கீழ பன்னி படுத்துக் கெடக்கும்."

"பொம்பளையளு எப்படி அண்ணாச்சி?"

கேட்டவன் அடுத்த வீட்டு நெசவுக்காரன் துரைப்பாண்டி. சீனியம்மாள் காபி கொண்டுவந்து வைக்கும்போதுதான் கேட்டான். எல்லாரும் இளித்தார்கள். காபியை அப்படியே அவன் மடியில் கவிழ்க்கலாம் போலிருந்தது அவளுக்கு.

மருதப்பன் சிரிக்கவில்லை. "ஏலே, அப்படிப் பேசாத. உழைக்கிற சனங்க."

அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இதே தெருப் பெண்களைப் பற்றி இதைவிடக் கேவலமாகப் பேசிச் சிரித்தவன்தான்.

அவன் வயல் பேச்சுக்கே போய்விட்டான். "என்ன, புயல்தான் தொந்தரவு. போன வருசம் எங்க வயல்ல உப்புத்தண்ணி ஏறிட்டு. மண்ணு தெளிய எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

துரைப்பாண்டி தலையை ஆட்டினான். யாருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சீனியம்மாளுக்கு மட்டும் கையிலிருந்த தட்டு கனத்தது. கட்டினவள் பக்கத்தில் நிற்கும்போது, 'நம்ம' என்று வராமல் 'எங்க' என்று வருகிறது. அந்த 'எங்க'வுக்குள் அவன் இருக்கிறான். கூட வேறு யாரோ இருக்கிறார்கள். இவள் இல்லை.

எல்லாரும் போனபின் சோறு போட்டாள். பருப்புக் குழம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, பாட்டிலைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

"கரிவலத்துப் புஞ்சைய எப்பப் பேசி முடிக்கப் போறிய?"

"உங்க ஊரு கரிசல்ல என்னட்டி வெளையும்? மழைக்கு மானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கணும்."

உங்க ஊர். அவன் பிறந்ததே இந்தத் தெருவில்தான். அவளுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. நேற்று வரை அந்த வாய்க்குப் பக்கத்தில் முகம் வைத்துப் படுத்ததை நினைக்க உடம்பு கூசியது. கடைசிக் கப்பல், கடைசிக் கப்பல் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த தன்மேலும் அதே அருவருப்பு.

குரலில் ஒன்றும் காட்டாமல் கேட்டாள். "உங்க வயல்ல எப்ப அறுப்பு?"

"ஐப்பசிக் கடைசியில. அதுக்குள்ள போயிரணும்," என்றான் சோற்றைப் பிசைந்தபடி.

பிசைந்த கை நின்றது. தலை நிமிரவில்லை.

சீனியம்மாள் பாட்டிலை எடுத்து அவன் தட்டில் கவிழ்த்தாள். அது கட்டி கட்டியாக, மெதுவாகச் சோற்றின்மேல் விழுந்தது. கடைசிச் சொட்டு இறங்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.