எழுதுகிறவர் தலையில் விழுந்த அடி

பஞ்சர் கடைக்காரரின் தங்கச்சி தன் தலையில் அடித்துக்கொண்டபோதெல்லாம், அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையும் வீங்கியது. அவளுக்கு எந்த இடத்தில் எவ்வளவு வீங்கியதோ, எழுதியவருக்கும் அதே இடத்தில் அதே அளவு. ஆராய்ச்சி நிலையத்தில் அவளைச் சேர்த்த நாலாம் நாள் காலை பத்தேகாலுக்கு இது ஆரம்பித்தது. வீட்டில் யாரும் எதையும் எழுதி வைக்கிற வழக்கமில்லை என்பதால் அதுவரை ஒருவர் தலைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்குப் பேச்சு கிடையாது. வயது நாற்பத்திரண்டு, ஆனால் அண்ணனுக்கு இன்றைக்கும் பாப்பாதான். அம்மா போன பிறகு தலை வாரிவிட்டு, சோறு போட்டு, கடையில் தன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர். எப்போதாவது அடித்துக்கொள்வாள். கையைப் பிடித்தால் நிறுத்திவிடுவாள். கடைசி ஒரு வருஷமாகத்தான் ஓயாத அடி, இடது கண் மங்குகிற அளவுக்கு. தன்னைத் தானே அடித்துக்கொள்கிறவர்களைப் பற்றி மட்டுமே ஆராய்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, நம்பிக்கை இல்லாமல்தான் கூட்டிவந்தார். பெரிய டாக்டர் முதல் நாளே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். “மூணு மாசம் பாப்போம். எண்ணிக்கை குறையலன்னா காப்பகத்துக்கு எழுதிடுவேன். அங்க கையைக் கட்டி வைப்பாங்க. இருக்கிற கண்ணாவது மிஞ்சும்.”

“கட்டுறதுக்கு எதுக்கு சார் இத்தனை படிப்பு? என் கடையிலயே பழைய டியூப் கிடக்கு” என்றார் பஞ்சர்காரர்.

அந்த நிலையத்தில் எல்லாவற்றுக்கும் எண்ணிக்கைதான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குறிப்பேட்டோடு உட்கார்ந்து, அடிக்கு ஒரு கோடு போடுவாள். முதல் மூன்று நாள் புது இடம் பழகட்டுமென்று விட்டுவிட்டு, நாலாம் நாள்தான் எண்ண ஆரம்பித்தார்கள்; ஒரு நாளைக்கு இருநூறு கோடு விழுந்தது. முதல் நாளே கோடு போட்ட பெண்ணின் நெற்றிப்பொட்டில் எலுமிச்சை அளவு புடைத்துக்கொண்டு வந்தது. கதவில் இடித்துக்கொண்டிருப்பாள் என்றார்கள். குறிப்பேட்டை வாங்கிய சின்ன டாக்டருக்கும் புடைத்தது. கேமராவை மாட்டிவிட்டு எல்லோரும் வெளியே போனார்கள். பதிவை மறுநாள் ஓட்டிப் பார்த்து எழுதியவருக்கு மறுநாள் வீங்கியது. மாதாந்திர அறிக்கையை நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்த பெரிய டாக்டர், மேடையிலேயே தலையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அந்தக் குறிப்பேடு மேசைக்கு மேசை நகர்ந்தது. எல்லோருக்கும் திடீரென்று கை சுளுக்கிக்கொண்டது. இரண்டு வருஷமாக மின்விசிறி கேட்டும் கிடைக்காத அந்த அறைக்கு மூன்றே நாளில் ஆறு ஹெல்மெட் வந்து இறங்கியது. ஹெல்மெட்டுக்கு உள்ளேயும் வீங்கியதால் கழற்றுவதற்குத்தான் சிரமப்பட்டார்கள்.

வைத்தியம் நின்றதென்று சொல்ல முடியாது. முதலில், அடித்துக்கொள்ளும்போது கண்டுகொள்ளாமல் இருங்கள், தானாக அடங்கும் என்று உத்தரவு. வேறு சிலரிடம் பலித்த முறையாம். ஆனால் தன் தலையில் விண்ணென்று தெறிக்கும்போது கண்டுகொள்ளாமல் இருக்கிற வித்தை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அடுத்து மாத்திரை. அதில் அவள் பகலெல்லாம் தூங்கினாள், விழித்ததும் விட்ட அடியையும் சேர்த்து அடித்துக்கொண்டாள். இரண்டு மாதம் இப்படிப் போனது. பஞ்சர்காரர் தினமும் மூன்று மணிக்கு வந்து, வரிசையாக உட்கார்ந்திருக்கிற வீங்கிய தலைகளைப் பார்த்துக்கொண்டே உள்ளே போவார். சிரிப்பை அடக்கிக்கொள்வார் என்று சொன்னால் பொய்.

“இன்னைக்கு எத்தனைம்மா?” என்று ஒருநாள் எண்ணுகிற பெண்ணிடம் கேட்டார்.

“நூத்தித் தொண்ணூத்தாறு, அண்ணே.”

“தண்ணியில முக்குன டியூப்ல எத்தனை குமிழின்னு எண்ணிட்டே இருந்தா ஓட்டை அடைஞ்சிடுமா?”

அவளுக்குக் கோபம் வந்தது. தலைவலி வேறு. ஆனால் அன்று சாயந்தரம் வம்புக்கென்றே, அடியை விட்டுவிட்டு, அடிக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று எழுத ஆரம்பித்தாள். நாலாவது வரி எழுதும்போது அவளுடைய இடது கடைவாய்ப்பல் விண் விண்ணென்று தெறித்தது. வாய் திறக்க முடியாத வலி. கொஞ்ச நேரத்தில் அடி விழுந்தது. அடி விழுந்ததும் பல்வலி ஒரு நொடி மறந்துபோனது. அவள் பேனாவை வைத்துவிட்டு, கண்ணாடிச் சுவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே ஓடி, பாப்பாவின் வாயைத் திறந்து பார்த்தாள். வேர்வரை அழுகிய பல் ஒன்று அங்கே இருந்தது. இரண்டு மாதமாக ஒன்பது பேர் அந்தத் தலையை எண்ணியிருந்தார்கள். ஒருவரும் வாயைப் பார்க்கவில்லை.

“நீங்களும் பாக்கலையே அண்ணே, ஒரு வருஷமா” என்றாள் அந்தப் பெண். மறுநாள் பஞ்சர்காரர் கடை திறக்கவில்லை.

பல்லைப் பிடுங்கியதும் இருநூறு கோடு முப்பதாகக் குறைந்தது. அந்த முப்பதும் பயிற்சி என்று நூலில் பாசிமணி கோக்கச் சொல்லும் நேரத்தில்தான் விழுந்தது என்பதும் எழுதியவர்கள் மூலமாகவே தெரியவந்தது; பயிற்சி நேரம் நெருங்கினால் அவர்களுக்கே அந்த மணிகளைத் தூக்கி எறிய வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. பாப்பாவுக்கு மணி கோக்கப் பிடிக்கவில்லை. போதும் என்று சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இல்லை. சின்ன டாக்டர் ஒரு மேசை மணியைக் கொண்டுவந்து வைத்து, அடிக்கப் போகும் கையைப் பிடித்து அதை அழுத்தவைத்தார். அழுத்தினால் உடனே பாசிமணிகளை எடுத்துவிட வேண்டும், யாரும் மறுபேச்சு பேசக் கூடாது. பத்தே நாளில் பழகிக்கொண்டாள். பிறகு சோற்றுக்கு அழுத்தினாள், ஊசிக்கு அழுத்தினாள், வெளியூரிலிருந்து வந்த நிபுணர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது பன்னிரண்டு தடவை அழுத்தினாள். விதி விதிதான், அவர் பாதியில் உட்கார்ந்தார். மூன்றாம் மாதக் கடைசியில் வாரத்துக்கு நாலு கோடு. காப்பகத்துக்கு எழுதிவைத்திருந்த கடிதத்தைப் பெரிய டாக்டர் தன் கையாலேயே கிழித்தார்.

வீட்டுக்கு அனுப்புகிற நாளில் குமாஸ்தா அதற்கான நாலு பக்கப் படிவத்தை உரக்கப் படித்துக்கொண்டுவந்தார். மேசை மணி பைக்குள் கட்டிவைக்கப்பட்டிருந்தது. பொறுப்பாளர் என்ற இடம் வந்ததும் பஞ்சர்காரர் முன்னால் மைப்பெட்டியை நகர்த்தினார்.

“கைநாட்டு வேணாம். பேர் எழுதத் தெரியும்.”

“எழுதுனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?”

“ஊரே வாங்கிடுச்சு. நான் மட்டும் தப்பிச்சிருக்கேன். குடுங்க.”

ஒவ்வொரு எழுத்தாக, உழுகிற மாதிரி எழுதினார். மூன்றாவது எழுத்தில் பாப்பா பொறுமை இழந்து, தேடிப் பார்த்து, மணி கிடைக்காமல் ஒன்று போட்டுக்கொண்டாள். அவர் பேனாவை விடவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மீதி இரண்டு எழுத்தையும் எழுதி முடித்துவிட்டுத்தான் தலையைத் தடவினார். “இவ்வளவு கனமா உன் கை” என்றார். பாப்பா அந்தப் புடைப்பைத் தொட்டுப் பார்த்தாள், தன்னுடையதையும் தொட்டுப் பார்த்தாள், பிறகு பையை அவிழ்த்து மணியை எடுத்துக் குமாஸ்தா முன்னால் வைத்து அழுத்தினாள். குமாஸ்தா மிச்சத்தைப் படிக்காமலே முத்திரை குத்தினார்.

வீக்கம் ஒரு வாரம் இருந்தது. கடைக்கு வந்த லாரிக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டார். “பாப்பா அவ தலையில அடிச்சுக்கிட்டா” என்றார் பஞ்சர்காரர். “அப்படியா” என்று சொல்லிவிட்டு, பின் சக்கரத்துக்கும் காற்றுப் பார்க்கச் சொன்னார் லாரிக்காரர்.